திராட்சை இரசத்தில் ஒரு துளி தண்ணீர்

(மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு நினைவு நாளன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை படப்பைச் சாலை அமைதியாக இருந்தது. மற்ற நாள்களில் அப்படி இருக்காது. விடியற்காலை ஐந்து மணிக்கே வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக நிறுத்தத்தில் நிற்பார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் சற்று நேரத்தில் எதிர்ப்பக்கம் வந்து இறங்கி, தூக்கம் நிறைந்த கண்களோடு வீட்டுக்கு நடப்பார்கள். ஆலய மணி அடிப்பதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். மணியோசை கேட்டு ஆலயத்துக்குள் வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். மணியோசையைக் கேட்டுக்கொண்டே பேருந்தில் ஏறுகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. இன்றைய சிந்தனை அந்தப் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கும், அவர்களுக்காக நாலு மணிக்கே எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் உரியது.

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு, ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். முப்பது வயது இருக்கும். திருமணமாகி ஒரு குழந்தை. "ஃபாதர், ஆறு நாள் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. ஏழாவது நாள் தூங்கினா எழுந்திருக்க முடியல. சின்ன வயசுல பீடச்சிறுவனா இருந்தவன் நான். இப்போ செபமாலை சொல்லி எத்தனையோ மாசம் ஆச்சு. நான் இன்னும் கிறிஸ்தவன்தானா ஃபாதர்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நம் மனதைத் தைத்தது. ஏனென்றால் அது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசனமும் நெல் வயலுமாக இருந்த நம் பகுதியில் இன்று நேரத்தைச் சொல்வது சங்கொலியும் ஷிப்ட் அட்டவணையும்தான். மாலை செபத்துக்குக் குடும்பமாக உட்காரலாம் என்றால், அப்பா வீட்டில் இருக்கும்போது அம்மா வேலையில். அம்மா திரும்பும்போது அப்பா தூக்கத்தில். இப்படிப்பட்ட வாழ்க்கையில் விசுவாசத்துக்கு இடம் எங்கே?

அன்பார்ந்தவர்களே, அந்த இளைஞரின் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. நம்மில் பலரிடமும் அது இருக்கிறது. கடவுளுக்கு உரிய நேரம் ஒன்று, உலகத்துக்கு உரிய நேரம் மற்றொன்று என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆலயத்தில் இருக்கும் ஒரு மணி நேரம் கடவுளுடையது. மீதி நேரமெல்லாம் பிழைப்புக்கு. அப்படியானால் கடவுளுக்கு உரிய நேரம் குறையக் குறைய நம் கிறிஸ்தவமும் குறைகிறது என்று பயப்படுகிறோம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 43ஆம் எண்ணில் இதைப் பற்றிப் பேசுகிறது. அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் வாழும் அன்றாட வாழ்வுக்கும் நடுவே உள்ள பிளவை நம் காலத்தின் கடுமையான தவறுகளில் ஒன்றாகவே அது எண்ணுகிறது. சங்கத் தந்தையர்கள் இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் என்ன? நம் ஆண்டவருடைய வாழ்க்கையே காரணம்.

இன்றைய நற்செய்தியை நினைத்துப் பாருங்கள். இயேசு சொந்த ஊருக்கு வந்து தொழுகைக்கூடத்தில் கற்பிக்கிறார். கேட்டவர்கள் வியக்கிறார்கள். ஆனால் அடுத்த நொடியே, இவர் தச்சருடைய மகன்தானே என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசுவையே தச்சர் என்கிறார்கள். நாசரேத்து மக்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது. கடவுளிடமிருந்து வந்தவர் நம் வீட்டுக் கதவையும் கலப்பையையும் சரிசெய்து கொடுத்தவராக எப்படி இருக்க முடியும் என்பதே அவர்களுடைய இடறல்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இயேசு பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அந்த முப்பது ஆண்டுகளில் பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தவிர, வளர்ந்த பிறகு என்ன செய்தார் என்று நற்செய்தி எதுவும் விவரிக்கவில்லை. தினமும் எழுந்தார், உழைத்தார், உண்டார், செபித்தார், உறங்கினார். அவ்வளவுதான். பிறகு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெறுகிறார். வானம் திறக்கிறது. தந்தையின் குரல் கேட்கிறது: இவரே தம் அன்பு மகன், இவரில் தாம் மகிழ்கிறார் என்கிறார் தந்தை. அந்த நேரம் வரை மாற்கு நற்செய்தியில் இயேசு ஒரு புதுமையும் செய்யவில்லை. ஒரு மறையுரையும் ஆற்றவில்லை. ஒரு நோயாளியையும் தொடவில்லை. தந்தை எதைக் கண்டு மகிழ்ந்தார்? தம் மகனைக் கண்டு மகிழ்ந்தார். அந்த மகன் அதுவரை வாழ்ந்ததெல்லாம் பட்டறை வாழ்க்கைதான். அந்த மரத்தூளும் வியர்வையும் தந்தையின் மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்கவில்லை.

ஆகவே அந்த இளைஞருக்கு நாம் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, நீங்க கிறிஸ்தவர்தான். ஆனா உங்க வேலையை ஆண்டவர்கிட்டே கொடுக்காம நீங்களே வெச்சுக்கிட்டு இருக்கீங்க." அவருக்குப் புரியவில்லை. அவர் முன்னாள் பீடச்சிறுவர் அல்லவா? அதனால் அவருக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துச் சொன்னோம். உங்களுக்கும் அதையே சொல்கிறோம்.

காணிக்கைப் பகுதியில் பீடச்சிறுவர்கள் இரண்டு சிறு குப்பிகளைக் கொண்டு வருவார்கள். ஒன்றில் திராட்சை இரசம். மற்றொன்றில் தண்ணீர். குருவானவர் கிண்ணத்தில் இரசத்தை ஊற்றுவார். பிறகு தண்ணீர்க் குப்பியைச் சாய்த்து, மிகக் கொஞ்சம், ஒரு துளி இரண்டு துளி சேர்ப்பார். அப்போது தாழ்ந்த குரலில் ஒரு சிறு செபம் சொல்வார். அது உங்கள் காதில் விழாது. நம் மனித இயல்பை ஏற்றுக்கொண்ட கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்பதே அதன் பொருள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்து மறைசாட்சியாக உயிர்நீத்த புனித சிப்பிரியான், இந்தத் துளியைப் பற்றி ஒரு கடிதத்தில் விளக்குகிறார். தண்ணீர் மக்களைக் குறிக்கிறது. இரசம் கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கிறது. இரண்டும் கலந்த பிறகு அவற்றைப் பிரிக்க முடியாது என்கிறார்.

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, விலையில்லை. நம் அன்றாட வாழ்க்கை போன்றது அது. காலையில் இட்லிப் பானையை இறக்குவது, பிள்ளைக்குத் தலை வாருவது, ஒரே திருகாணியை ஒரு நாளில் நானூறு முறை முடுக்குவது, பில் போடுவது, பாத்திரம் கழுவுவது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது. இதில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் திருச்சபை அந்தத் துளியைக் கிண்ணத்துக்கு வெளியே விடுவதில்லை. 1964ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் வெளிவந்த 'திருச்சபை' என்னும் சங்க ஏட்டின் 34ஆம் எண் இதை வரிசைப்படுத்திச் சொல்கிறது. பொதுநிலையினரின் செபம், குடும்ப வாழ்க்கை, அன்றாட உழைப்பு, உடலுக்கும் உள்ளத்துக்கும் தரும் ஓய்வு, பொறுமையோடு தாங்கும் துன்பங்கள் ஆகிய அனைத்தும் தூய ஆவியில் நிகழும்போது ஆன்மிகப் பலிகளாகின்றன. நற்கருணைக் கொண்டாட்டத்தில் ஆண்டவரின் உடலோடு சேர்த்துத் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. கவனியுங்கள், ஓய்வும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் தூக்கத்தையும் ஒப்புக்கொடுக்கலாம்.

இவ்வளவு கேட்ட பிறகு, "அப்படியானால் உழைப்பே செபம், இனி கோவிலுக்கு வரவேண்டாம்" என்று யாரும் வசதியாக முடிவு செய்துவிடக் கூடாது. துளி குப்பியிலேயே இருந்தால் அது வெறும் தண்ணீர்தான். கிண்ணத்தில் விழ வேண்டும். ஞாயிறு காலை வேலை இருப்பவர்கள் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறுகிறது. தவிர்க்க முடியாத வேலையால் இரண்டுக்குமே வர முடியாமல் போனால், ஆண்டவர் உங்கள் நிலையை அறிவார். மனச்சுமையோடு அலைய வேண்டாம். ஆனால் வர முடிந்த வாரத்தில் வாருங்கள். ஒரு வார உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கும் பீடத்துக்கு வராமல் இருப்பது நமக்குத்தான் இழப்பு.

அடுத்து, எதைக் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மலாக்கி இறைவாக்கினரின் நூலில், முதல் அதிகாரத்தில், ஆண்டவர் குருக்களைக் கடிந்துகொள்கிறார். கண் தெரியாத ஆட்டையும் கால் ஊனமான ஆட்டையும் பலியாகக் கொண்டு வருகிறீர்களே, இதை உங்கள் ஆளுநருக்குக் கொடுத்துப் பாருங்கள், வாங்கிக்கொள்வாரா என்று கேட்கிறார். முதல் சாட்டை குருக்களாகிய எங்கள் மேல்தான் விழுகிறது. வாய் ஓதிக்கொண்டிருக்க மனம் அடுத்த வேலையை எண்ணிக்கொண்டிருக்கும் நாள்கள் எங்களுக்கும் உண்டு. அது கண் தெரியாத ஆடு. ஆகவே உங்களுக்கு முன்பாக எங்களையும் நிறுத்திக்கொண்டே இதைச் சொல்கிறோம்.

நம் பகுதியில் வேலை செய்யும் ஒரு மகள் ஒரு நாள் கலங்கிய முகத்தோடு வந்தாள். வண்டிகளுக்கான உதிரி பாகம் ஒன்றைச் சோதித்து, சோதனைத்தாளில் டிக் போடுவது அவளுடைய வேலை. ஒரு பாகத்தில் ஆறு இடங்களைப் பார்க்க வேண்டும். அன்று எண்ணிக்கை பின்தங்கிவிட்டது. மேலே இருந்தவர், "எல்லாம் சரியாத்தான் இருக்கும், மொத்தமா டிக் போட்டு அனுப்பு" என்றார். மற்றவர்கள் போட்டார்கள். இவள் போடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணிக்கை குறைந்தது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். அடுத்த வாரம் வேறு கடினமான இடத்துக்கு மாற்றப்பட்டாள். "நான் பார்த்ததுல ஒண்ணுகூடப் பழுது இல்லை ஃபாதர். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்போ நான் பண்ணது முட்டாள்தனமா?" என்று கேட்டாள்.

அன்பார்ந்தவர்களே, பழுது ஒன்று கிடைத்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எளிது. கிடைக்கவில்லை. அவளுக்குப் பாராட்டும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பாகம் ஒரு வண்டியில் பொருத்தப்படும். அந்த வண்டியில் ஏதோ ஓர் ஊரில் ஒரு குடும்பம் போகும். அவர்கள் முகத்தை இவள் பார்க்கப் போவதில்லை. இவள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. முன்பின் அறியாத அந்தக் குடும்பத்துக்காக இவள் திட்டு வாங்கினாள். உன்மீது அன்புகூர்வதுபோல் உனக்கு அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர வேண்டும் என்னும் கட்டளைக்கு ஒரு தொழிற்சாலையில் இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குத் தெரியவில்லை. "முட்டாள்தனம் இல்லைம்மா. பழுதில்லாத ஆட்டைத்தான் நீ கொண்டு போயிருக்க" என்றோம். கடினமான இடத்தில் அவள் இன்னும் வேலை செய்கிறாள். அவளுக்காகச் செபியுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் பங்கில் எல்லாரும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் அல்லர். பலர் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். கடவுள் தந்த நல்ல வருமானம் அது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அந்த அறைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமர்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். நம் பாடல்கள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது தெரியும். சோட்டா நாக்பூர் மலைப்பகுதிகளில் உரோவான், முண்டா, காரியா பழங்குடி மக்களிடையே நம் திருச்சபை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆக, அவர்களில் பலர் நம் சொந்த விசுவாசக் குடும்பம்.

மாதம் பிறந்ததும் வாடகை வாங்கப் போகிறோமே, அது நம் அன்றாட வேலைகளில் ஒன்று. அங்கே நாம் எந்தக் கிறிஸ்தவர்கள்? ஓர் அறையில் எத்தனை பேரை அடைத்திருக்கிறோம்? தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறோமே, அத்தனை தலைக்கும் போதுமான தண்ணீர் வருகிறதா? கழிப்பறை எத்தனை? காய்ச்சலில் ஒருவன் வேலைக்குப் போகாமல் கிடந்தால் எட்டிப் பார்க்கிறோமா, அல்லது "இவன் வாடகை கொடுப்பானா" என்று மட்டும் கணக்குப் பார்க்கிறோமா? லேவியர் நூல் 19ஆம் அதிகாரம், தம்மிடம் தங்கும் அன்னியரைச் சொந்த நாட்டவர் போல நடத்தும்படி இஸ்ரயேலருக்குக் கட்டளையிடுகிறது. காரணமும் சொல்கிறது: அவர்களும் எகிப்தில் அன்னியராக இருந்தவர்கள். நம் குடும்பங்களில் எத்தனை பேர் வளைகுடா நாடுகளில் ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்துப் பணம் அனுப்பினார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கி வைப்பதும் விசுவாச அறிக்கைதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இன்றைய நாளுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். உழைப்பை ஒப்புக்கொடுங்கள் என்று நாம் சொல்வதை, அநீதியை வாய்மூடிச் சகித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. இந்திய மண்ணில் மே தினம் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது நம் சென்னைக் கடற்கரையில்தான். 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் அதை நடத்தினார். அதற்கும் முன்பே, 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை அதில் வலியுறுத்தினார். 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981இல் புனித இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பு பற்றிய தம் சுற்றுமடலில், வேலை மனிதருக்காக இருக்கிறது, மனிதர் வேலைக்காக இல்லை என்று கற்பித்தார். வேலையின் மதிப்பு செய்யும் பொருளின் விலையால் வருவதில்லை. செய்கிறவர் கடவுளின் சாயலாக இருப்பதால் வருகிறது.

ஆகவே ஒரே வரிசையில் ஒரே வேலை செய்கிறவர்களில், ஒருவர் நிரந்தரம் என்பதால் ஒரு கூலி, மற்றவர் ஒப்பந்தம் என்பதால் பாதிக் கூலி என்றால், அது கடவுளின் கண்ணுக்குத் தப்பாது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். நம்மில் ஒப்பந்ததாரர்களாக, மேற்பார்வையாளர்களாக, மனிதவளப் பிரிவில் இருப்பவர்களாகப் பலர் உண்டு. உங்கள் விசுவாசம் சோதிக்கப்படும் இடம் சம்பளப் பட்டியல். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இணைச்சட்ட நூல் ஓய்வுநாளைப் பற்றிச் சொல்லும்போது, உன் பணியாளரும் உன்னைப் போல ஓய்வெடுக்கட்டும் என்கிற காரணத்தைச் சேர்த்தே சொல்கிறது. நாம் ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கு எந்த நாள் ஞாயிறு?

வேலை நம் கடவுளும் இல்லை. 2006இல் நம் பக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய பெரிய கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ஆயிரக்கணக்கான இளம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், வேலை இழந்தார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையை ஒரே நாளில் வாங்கிக்கொள்வார்கள். திருமுழுக்கில் நம்மேல் பதிந்த அடையாளத்தை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. வேலை இழந்து வீட்டில் இருக்கும் சகோதரரே, நீர் ஒப்புக்கொடுக்க ஒன்றுமில்லாதவர் அல்ல. உம் காத்திருப்பும் அந்தக் கிண்ணத்தில் விழும் துளிதான்.

சரி, ஃபாதர், இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். மூன்று சிறு காரியங்களை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, காலை ஒப்புக்கொடுத்தல். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாளன்று, பிரான்சு நாட்டில் வால்ஸ் என்னும் ஊரிலிருந்த இயேசு சபைப் பயிற்சி இல்லத்தில் ஒரு பேச்சு நடந்தது. அங்கிருந்த மாணவர்களுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. தொலைநாட்டு மறைப்பணித் தளங்களுக்கு உடனே போக வேண்டும் என்ற துடிப்பு. பிரெஞ்சு இயேசு சபையினர் நம் மதுரை மறைத்தளத்துக்கு மீண்டும் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த மாணவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்த அருள்பணி கோத்ரலே என்ன சொன்னார் தெரியுமா? இப்போதே நீங்கள் திருத்தூதர்கள் ஆகலாம். இன்றைய படிப்பையும், சின்னச் சின்னக் கடமைகளையும், சலிப்பையும் காலையிலேயே ஆண்டவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இன்று திருத்தந்தையின் உலகளாவிய செப வலையமைப்பாக வளர்ந்திருக்கிறது. இதற்கு அரை நிமிடம் போதும். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் சிலுவை அடையாளம் வரைந்து, "ஆண்டவரே, இன்றைய வேலை, களைப்பு, சந்தோஷம் எல்லாம் உமக்கு" என்று சொல்லுங்கள். இரவு ஷிப்ட் என்றால் சாயங்காலம் எழும்போது சொல்லுங்கள். ஆண்டவருக்கு உங்கள் ஷிப்ட் தெரியும்.

இரண்டாவது, நடுவே ஒரு நிறுத்தம். பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செபம் சொல்வது நம் மரபு. வேலையின் நடுவே முழுவதும் சொல்ல முடியாவிட்டாலும், கைகழுவும் இடத்தில், சாப்பாட்டு வரிசையில், ஒரு மூச்சு நேரம் வார்த்தை மனுவுருவானார் என்பதை நினையுங்கள். அதோடு சேர்த்து, பக்கத்தில் நிற்கிறவரையும் பாருங்கள். நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தை நினைவில் வையுங்கள். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை துன்பத்தில் மனம் உடைந்திருந்தபோது, அவரோடு பழகிய தளபதி தெலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தெலனாய் குருவானவர் அல்லர்; 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர். பணியிடத்தில் பழகிய ஒருவருடைய ஆறுதலான சொற்கள் வழியாகத்தான் விசுவாசம் அவரிடம் வந்து சேர்ந்தது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். உங்கள் வரிசையில், பேருந்தின் பக்கத்து இருக்கையில், மனம் உடைந்த ஒரு நீலகண்டன் இருக்கலாம். அவருக்குப் போதகம் செய்ய வேண்டாம். "என்னப்பா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டால் போதும்.

மூன்றாவது, திரும்பும் வழியில் ஓர் ஆய்வு. பேருந்தில் கண்ணை மூடித் தூங்குவதற்கு முன் இரண்டு நிமிடம். இன்று எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? யாரைக் காயப்படுத்தினேன்? எந்த இடத்தில் பார்க்காமலே டிக் போட்டேன்? மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தூங்குங்கள். வீட்டில் இருக்கிற தாய்மார்களே, இரவு அடுப்படியைத் துடைத்து விளக்கை அணைக்கும் நேரம் உங்களுக்கு அந்தப் பேருந்து. கார்மேல் சபையைச் சேர்ந்த சகோதரர் லாரன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் துறவு இல்லமொன்றில் பல ஆண்டுகள் சமையல் வேலை செய்தவர். சமையலறையின் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணைக்கு முன் இருப்பது போலவே இறைவனோடு இருக்க அவர் பழகிக்கொண்டார். அடுப்படி கடவுளுக்குத் தொலைவான இடம் இல்லை.

அன்பார்ந்தவர்களே, அந்த இளைஞரின் கதைக்குத் திரும்பி முடிப்போம். இப்போதும் அவருக்கு மூன்று ஷிப்ட்தான். எல்லா ஞாயிறும் வருவதில்லை. ஆனால் வருகிற வாரங்களில் காணிக்கைப் பகுதியில் அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கவனிக்கிறோம். குப்பியைச் சாய்த்து அந்தத் துளியைச் சேர்க்கும்போது அவருடைய ஒரு வாரமும், சோதனைத்தாளின் முன் நின்ற அந்த மகளுடைய ஒரு வாரமும், கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் ஜார்க்கண்ட் பிள்ளையின் ஒரு வாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அடுத்த ஞாயிறு நீங்களும் உங்கள் ஒரு வாரத்தோடு வாருங்கள். வெறுங்கையோடு வந்திருக்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

செபிப்போம்.

நாசரேத்துப் பட்டறையில் உழைத்த எங்கள் ஆண்டவரே, எங்கள் கைகளின் வேலையை உம்மிடம் தருகிறோம். பழுதாகச் செய்ததை மன்னியும். அடுத்தவரின் உழைப்பைச் சுரண்டியிருந்தால் எங்கள் மனதை மாற்றும். இரவில் விழித்து உழைப்பவர்களையும், அவர்கள் பயணம் செய்யும் சாலைகளையும், வேலையின்றிக் காத்திருப்பவர்களையும், ஊர் விட்டு ஊர் வந்து எங்களிடையே தங்கியிருப்பவர்களையும் காத்தருளும். புனித யோசேப்பே, எங்கள் இல்லங்களுக்கும் எங்கள் தொழிற்கூடங்களுக்கும் காவலாயிரும். ஆமென்.